துறவி நண்டுத் தொட்டியில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்கின்றன, மருந்து அடிக்கலாமா? (கிருஷ்ணகிரி)

பழையபேட்டை_பிரியா | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். என் மகளுக்கு அவள் மாமா பெங்களூரில் வாங்கிக் கொடுத்த துறவி நண்டுகள் (காலிச் சங்கைக் கூடாகச் சுமந்து திரியும் நண்டு) மூன்று எங்கள் வீட்டில் வளர்கின்றன. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து ஈரமாகப் போட்டிருக்கிறோம், மேலே கண்ணாடி மூடி. மூன்றில் ஒன்று மணலுக்குள் போய்ச் சில வாரம் ஆகிறது. தோலுரிக்கப் போயிருக்கும் என்று தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறோம்.

நேற்று இரவு பார்த்தால் சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சுற்றி மாவு சிந்தினாற்போல் இருந்தது. செல்போன் டார்ச் அடித்தால் அந்த மாவு நகர்கிறது. கண்ணாடியின் உள்பக்கத்திலும் ஏறியிருக்கிறது. பெரிய நண்டின் கால் மூட்டுகளிலும், கண் துருத்திக்கொண்டிருக்கும் காம்பின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கின்றன. அது சின்னக் காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வாங்கின கடைக்குப் போன் போட்டால், நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயை லேசாக அடிக்கச் சொல்கிறார்கள். மகள் விடமாட்டேன் என்று தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடிக்கலாமா கூடாதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

---

ஓசூர்_நத்தைக்கூடு | ஞாயிறு, இரவு 9:32

அடிக்காதீங்க. உங்கள் மகள் செய்வதுதான் சரி.

நீங்கள் பார்ப்பது மைட் என்ற நுண்ணிய பிராணியாக இருக்கலாம். மைட் என்பது எட்டுக்கால் பிராணி, சிலந்தி, தேள் வகையறா. நண்டு பத்துக்கால் பிராணி. இரண்டுமே கணுக்காலிகள். நாய் உண்ணி மருந்து உண்ணியின் நரம்பைத்தான் தாக்கும். அந்த நரம்பு வேலை செய்யும் விதம் நண்டுக்கும் ஏறக்குறைய அதேதான். நாய்க்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நாயின் உடம்பே வேறு. மூடிய தொட்டிக்குள் அடித்தால் மைட் சாவதற்கு முன்னால் நண்டு போய்விடும். பெர்மெத்ரின், ஃபிப்ரோனில், ஐவர்மெக்டின் எதுவானாலும் இதே கதைதான். கரப்பான் ஸ்பிரே, கொசுவர்த்தி, சுவரில் செருகும் கொசு மருந்து எதையும் அந்த அறையில் பயன்படுத்த வேண்டாம். டெங்கு சமயத்தில் தெருவில் புகை அடித்துக்கொண்டு வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, தொட்டி மேல் ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள்.

அவசரப்பட வேண்டாம். முதலில் சிலது சொல்லுங்கள். என்ன சாப்பாடு வைக்கிறீர்கள்? கிண்ணத்தில் எவ்வளவு நேரம் கிடக்கும்? ஈரப்பத மீட்டர் இருக்கிறதா, எவ்வளவு காட்டுகிறது? மூச்சுக்காற்று பட்டால் அந்தப் புள்ளிகள் குதிக்கின்றனவா, ஊர்கின்றனவா?

---

அரூர்_அன்பு | ஞாயிறு, இரவு 10:05

ரசாயனம் வேண்டாம் என்பது சரிங்க. ஆனால் வேப்பெண்ணெய் இயற்கைதானே? எங்கள் தோட்டத்தில் செஞ்சிலந்திக்கு (செடியில் வரும் மைட்) வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடிப்போம், நன்றாகக் கேட்கும். ரெண்டு சொட்டு தண்ணீரில் கலந்து மணல் மேல் தெளித்தால் மைட் ஓடிவிடும். அக்கா, பயப்படாமல் செய்து பாருங்கள்.

---

பாலக்கோடு_பட்டுக்கூடு | திங்கள், காலை 6:20

அன்பு தம்பி, தயவுசெய்து இதைச் சொல்லாதீங்க.

நாங்கள் குடும்பமாகப் பட்டுப்புழு வளர்க்கிறோம், தருமபுரி அங்காடிக்குத்தான் கூடு போகிறது. மல்பெரிக்குப் பக்கத்துக் காட்டில் யாராவது மருந்தடித்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். காற்றில் வந்து இலையில் படிந்தது கண்ணுக்கே தெரியாது. அந்த இலையைப் போட்டால் சாயங்காலத்துக்குள் புழு வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். புகையிலைக் காட்டை ஒட்டி மல்பெரி வைக்கக்கூடாது என்று எங்கள் அப்பா காலத்திலேயே தெரியும்.

வேப்பெண்ணெயும் விதிவிலக்கில்லை. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லும் விஷம் இல்லை, அது தோலுரிக்க வைக்கும் ஹார்மோனைக் குழப்பிவிடுவது. புழு பழைய தோலிலேயே மாட்டிக்கொண்டு சாகும். நண்டும் அதே ஹார்மோனால்தான் தோலுரிக்கிறது. பிரியா மேடம் வீட்டில் ஒரு நண்டு இந்த நேரத்தில் மணலுக்குள் தோலுரித்துக்கொண்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் வேப்பெண்ணெய் தெளிப்பதா? சோப்புக் கரைசல் அதைவிட மோசம், செவுளில் போய் உட்காரும்.

தோலுரிக்கும் சமயத்தில் புழுத் தட்டை நாங்கள் அசைக்கக்கூட மாட்டோம். அந்த நண்டையும் அப்படி விடுங்கள்.

---

அரூர்_அன்பு | திங்கள், காலை 7:02

சரிங்கண்ணா, ஹார்மோன் விஷயம் எனக்குப் புதுசு. அப்போ வேம்பு வேண்டாம். கற்பூரம், மஞ்சள்?

---

ஓசூர்_நத்தைக்கூடு | திங்கள், காலை 7:15

கற்பூரம், நாப்தலீன் உருண்டை, யூகலிப்டஸ் தைலம், ஊதுபத்தி என மூடிய தொட்டியில் வாசனை வீசும் எதுவும் வேண்டாம் தம்பி. நண்டு காற்றை எடுப்பது செவுள் வழியாக. மஞ்சள் மைட்டைக் கொல்லாது, ஈரத்தில் பூஞ்சைதான் பிடிக்கும்.

---

பென்னாகரம்_வாத்தியார் | திங்கள், காலை 8:40

எதை விரட்டுகிறோம் என்று தெரியாமலே விரட்டும் வழியைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதை முதலில் பார்த்துவிடலாமே.

ஈரமான மணல் தொட்டியில் வெள்ளையாக ஊர்பவை எல்லாம் மைட் இல்லை. ஸ்பிரிங்டெயில் என்று ஒன்று உண்டு. நீளவாக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும், ஆறு கால், ஊதினால் துள்ளும். பூஞ்சையைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல ஜீவன் அது, அதை விரட்டவே கூடாது. மைட் உருண்டையாக, அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். எட்டுக் கால், மெதுவாக ஊரும், துள்ளாது.

கண்ணாடி மேல் இருப்பவற்றை ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பில் ஒற்றி எடுங்கள். அதை வெள்ளைத்தாளில் ஒட்டாமல் ஒரு கண்ணாடி வில்லையில் ஒட்டி, கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, செல்போனில் மேக்ரோ வைத்துப் படம் எடுக்கலாம். எங்கள் பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி வைத்திருக்கிறோம், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். அதில் பார்த்தால் முதுகு மயிர்கூடத் தெரியும். நண்டு மேல் இருப்பதைத் தனியாகவும், கிண்ணத்தில் இருப்பதைத் தனியாகவும் ஒற்றி எடுங்கள். இரண்டும் ஒரே ஜாதியா என்பது முக்கியம். உங்கள் மகளையே செய்யச் சொல்லுங்கள் மேடம், ஆர்வமாகச் செய்வாள்.

---

பழையபேட்டை_பிரியா | திங்கள், மாலை 6:55

எல்லோருக்கும் நன்றி. மகள்தான் டேப் வைத்து எடுத்தாள். படத்தை இணைத்திருக்கிறேன். எட்டுக் கால், உருண்டை உடம்பு, பின்பக்கம் நீள நீளமான மயிர். துள்ளவில்லை. நண்டு மேல் இருந்ததும் கிண்ணத்தில் இருந்ததும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் நண்டு மேல் இருப்பதில் சிலது நகரவே இல்லை, ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

சாப்பாடு: களி கிண்டும் அன்றைக்கு ஒரு சின்ன உருண்டை, கருவாட்டுத் தூள், மாம்பழம். மாமனார் தோப்பு பர்கூர் பக்கம் என்பதால் இந்த சீசனில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. கிண்ணம் காலியானால் மாற்றுவோம். மீட்டர் 84 காட்டுகிறது, வெப்பம் 28.

---

ஓசூர்_நத்தைக்கூடு | திங்கள், இரவு 8:20

படம் அருமை. வாத்தியார் சொன்ன மாதிரி எடுத்ததால் இனி ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

இது சேமிப்புத் தானியத்தில், உலர்ந்த தீனியில் வரும் மைட் வகை. நம் வீட்டு மாவு டப்பாவில், கருவாட்டில், பழைய கொப்பரையில் இருப்பதன் சொந்தக்காரர்கள். இவற்றில் ரொம்பப் பரவலாக இருப்பது டைரோஃபேகஸ் புட்ரசென்டியே. கொழுப்பும் புரதமும் உள்ள தீனி, அதில் பிடிக்கும் பூஞ்சை, இரண்டும் அதற்குப் பிடிக்கும். உங்கள் தொட்டியில் கருவாட்டுத் தூள், ஈரமான களி, பழத்தோல் மூன்றும் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. அதற்கு விருந்து வைத்தாற்போல ஆகிவிட்டது. 25 டிகிரிக்கு மேல், நல்ல ஈரப்பதத்தில், முட்டையிலிருந்து முட்டையிடும் வயதுக்கு வர இரண்டு மூன்று வாரம் போதும். அதனால்தான் திடீரென்று வந்ததுபோல் தோன்றுகிறது.

நிம்மதியான சேதி என்னவென்றால், இது நண்டின் ரத்தத்தைக் குடிப்பதில்லை. நண்டின் வாயிலும் மூட்டிலும் ஒட்டிய தீனி மிச்சத்தைத் தின்னத்தான் ஏறுகிறது. ஒட்டிக்கொண்டு நகராமல் கிடப்பவை, பெரும்பாலும் இடம் மாறுவதற்காக ஏறி உட்கார்ந்திருப்பவை. தானிய மைட்களில் சிலவற்றுக்கு அப்படி ஒரு பருவமே உண்டு. தின்பதற்கு வாய்கூட இருக்காது, ஏதாவது ஒரு பிராணியில் தொற்றிக்கொண்டு வேறிடம் போகும்.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கில் கண்ணிலும் செவுள் ஓரத்திலும் ஊர்ந்தால் நண்டு ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்கும், சாப்பிடாது, தளர்ந்துபோகும். தொல்லை தாங்காமல் கூட்டை விட்டே வெளியேறிவிடுகிற நண்டும் உண்டு. வெறும் உடம்போடு இருக்கும் நண்டு காய்ந்து செத்துவிடும். தோலுரித்த நண்டு மெத்தென்று இருக்கும்போது கூட்டமாக மொய்த்தால் அதுவும் ஆபத்து.

நிஜமான ஒட்டுண்ணி மைட்டும் இருக்கிறது. கரீபியன் பக்கத்துத் துறவி நண்டுகளின் செவுளில் வாழும் எவிங்கியா என்ற மைட்டை 1929லேயே பியர்ஸ் என்ற ஆய்வாளர் விவரித்திருக்கிறார். ஆனால் அது செவுளுக்குள் இருப்பது. சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சுற்றிக் கூட்டம் போடாது, கண்ணாடியில் ஏறி உலா வராது. உங்களுடையது அது இல்லை.

---

தளி_பசுமைக்குடில் | திங்கள், இரவு 9:05

நான் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை பார்க்கிறேன். மைட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிற தொழில். ஒரு யோசனை. மைட்டுக்குக் காய்ந்த காற்று ஆகாது என்கிறார்கள். இந்த வெயிலில் மூடியைத் திறந்துவைத்து இரண்டு நாள் உலரவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடாதா?

இன்னொன்று, செடியில் செஞ்சிலந்தியைத் தின்ன வேட்டை மைட் விடுவோம். அதை இதில் விடலாமா?

---

ஓசூர்_நத்தைக்கூடு | திங்கள், இரவு 9:40

உலரவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதைச் செய்துதான் நிறைய நண்டு செத்திருக்கிறது.

தரையில் வாழும் இந்த நண்டு காற்றிலிருந்து மூச்செடுக்க அதன் செவுள் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிவதே அதற்குத்தான். காற்றில் ஈரப்பதம் 75க்கு மேல் இருக்க வேண்டும், 80ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைட்டும் 65, 70க்குக் கீழே போனால் தவிக்கும், உண்மைதான். ஆனால் அது தவிக்கும்போது நண்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மதியக் காற்று எவ்வளவு வறட்சி என்று நமக்குத் தெரியும். மூடியைத் திறக்கவே வேண்டாம். நண்டுக்கும் மைட்டுக்கும் பொதுவாக இருப்பது ஈரம், அதில் கை வைக்க முடியாது. மைட்டுக்கு மட்டும் தேவைப்படுவது மிச்சத் தீனியும் பூஞ்சையும். அதை நிறுத்துவதுதான் வழி.

வேட்டை மைட்டைப் பொறுத்தவரை, நீங்கள் ரோஜாவில் விடுவது இலையில் திரிந்து செஞ்சிலந்தியைத் தேடித் தின்னும் ஜாதி. மணலில் விட்டால் அது பட்டினி கிடந்து போய்விடும். மண்ணில் வாழும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற வேட்டை மைட்டை வெளிநாட்டில் ஊர்வன, நண்டுத் தொட்டிகளில் விடுகிறார்கள். நண்டைத் தொடாது, தீனி மைட் தீர்ந்ததும் தானும் குறைந்துவிடும். ஆனால் மிச்சச் சோறு கிடக்கும் தொட்டியில் அதுவும் ஓயாமல் வேலை செய்ய வேண்டியதுதான்.

---

தளி_பசுமைக்குடில் | திங்கள், இரவு 9:52

புரிந்தது. அப்படியானால் மணல் முழுவதையும் கொட்டிப் புதிது போட்டுவிடுவது ஒன்றுதான் வழி. குடிலில் நோய் வந்த பாத்தியை நாங்கள் அப்படித்தான் செய்வோம். உள்ளே இருக்கும் நண்டை மெதுவாக எடுத்து வேறு டப்பாவில் வைத்துவிடலாமே. மணலில் முட்டையை விட்டுவைத்தால் திரும்ப வரும்.

---

பாலக்கோடு_பட்டுக்கூடு | திங்கள், இரவு 10:10

இல்லைங்க, அதை எடுக்கக் கூடாது.

---

ஓசூர்_நத்தைக்கூடு | செவ்வாய், காலை 6:45

தளி நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று நண்டும் மேலே இருந்தால் நானும் முழு மணலையும் மாற்றத்தான் சொல்வேன். ஒன்று உள்ளே இருக்கிறதே, அதுதான் சிக்கல்.

தோலுரிக்கும் நண்டு மணலுக்கடியில் தன் உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு சின்ன அறை செய்துகொண்டு கிடக்கும். பழைய தோலைக் கழற்றியதும் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், கால் தன் எடையைத் தாங்காது. கழற்றிய தோலை அங்கேயே இருந்து தின்றுதான் சுண்ணாம்புச் சத்தை மீட்டுப் புதுத்தோலைக் கெட்டிப்படுத்தும். நான்கிலிருந்து எட்டு வாரம் வரை ஆகும், பெரிய நண்டுக்கு இன்னும் கூடும். அந்த நேரத்தில் விரல் பட்டாலே கால் கழன்றுவிடும். அறை இடிந்தால் மணல் செவுளை அடைத்துவிடும். மைட் இருக்கிற மணலில் அது பிழைப்பதற்கு வாய்ப்பு நிறைய. தோண்டி எடுத்தால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும்.

பிரியா மேடம், இப்படிச் செய்யுங்கள்.

மேலே உள்ள இரண்டையும் வேறு ஒரு மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றுங்கள், அடியில் ஈரத்துணி போதும். தொட்டியில் இருக்கும் கிண்ணம், மரத்துண்டு, காலிக் கூடு, தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கூட்டையும் தட்டையும் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு ஆறவிட வேண்டும். பூஞ்சை ஏறிய மரத்துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் நண்டு புதைந்த இடத்தைவிட்டு மற்ற இடத்தில், மேல் மணலை மட்டும் ஒரு அங்குலம் ஸ்பூனால் வழித்து எடுங்கள். கிண்ணம் இருந்த மூலையில் கொஞ்சம் ஆழமாகவே எடுக்கலாம். ஆழமாகத் தோண்ட வேண்டாம், கிளற வேண்டாம். கண்ணாடியைச் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பினாயில், டெட்டால், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் கூடாது.

வழித்தெடுத்த இடத்துக்குப் புது மணல் வேண்டும். ஆற்று மணலைக் கழுவி, இரும்புச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிற சூட்டுக்குக் கொஞ்ச நேரம் வறுத்து எடுங்கள். மைட்டும் முட்டையும் தப்பாது. முழுக்க ஆறிய பிறகே ஈரப்படுத்திப் போட வேண்டும். எம்-சாண்ட் வேண்டாம், முனை கூர்மை, தூசியும் அதிகம். நார்த்தூளில் உரம் கலந்து விற்பார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். பழைய மணலைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இந்த மைட் தூசி ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது.

அடுத்து இரண்டு நண்டுக்கும் ஒரு குளியல். மீன் தொட்டிக் கடையில் விற்கும் கடல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் குளோரின் நீக்கிய தண்ணீரில் கரையுங்கள். சமையல் உப்பு வேண்டாம், கடல் நீரில் உள்ள மற்ற தாதுக்கள் அதில் இல்லை. அகலக் கிண்ணத்தில் கூட்டின் வாய் முங்கும் அளவுக்கு ஊற்றி, நண்டை மெல்லச் சாய்த்து வையுங்கள். கூட்டுக்குள் இருந்து காற்றுக்குமிழ் வரும், அப்புறம் நண்டே எட்டிப் பார்க்கும். மைட் மேலே மிதந்து வருவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒருமுறை புதுத் தண்ணீர். மூட்டில் ஒட்டியதை ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் தொட்டு எடுக்கலாம், அது அனுமதித்தால் மட்டும். சில நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தினமும் குளிப்பாட்டுவதும் வேண்டாம், பயத்தில் கிடந்தாலே நண்டு நொந்துவிடும். முட்டை பொரித்து வருவதைப் பிடிக்க ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை போதும்.

---

பென்னாகரம்_வாத்தியார் | செவ்வாய், காலை 8:15

தண்ணீரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், உப்பும் கூடுதல். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதில் குளோரின் போட்டிருப்பார்கள். நண்டின் செவுளுக்குக் குளோரின் ஆகாது. வாளியில் ஒரு நாள் திறந்துவைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். மீன் கடையில் கிடைக்கும் தயோசல்ஃபேட் சொட்டுமருந்து போட்டால் உடனே போய்விடும்.

---

காவேரிப்பட்டணம்_ராஜா | செவ்வாய், மதியம் 1:30

இவ்வளவு கஷ்டம் எதற்குங்க? பக்கத்திலேயே தென்பெண்ணை ஆற்றில் கேஆர்பி அணை இருக்கிறது. கரையில் விட்டுவிட்டால் அதன் பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். பாவம், அடைத்து வைக்காதீர்கள்.

---

ஓசூர்_நத்தைக்கூடு | செவ்வாய், மதியம் 2:10

உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் அது கடற்கரை ஜீவன். உப்பு நீரும் நன்னீரும் இரண்டுமே அதற்கு வேண்டும். அது குஞ்சு பொரிப்பதே கடலில்தான், குட்டிகள் கடலில் மிதந்து வளர்ந்துதான் கரையேறும். தென்பெண்ணைக் கரையில் கூடு மாற்ற ஏற்ற சங்கு கிடைக்காது, உப்பு நீர் கிடைக்காது. கொஞ்ச காலத்தில் செத்துவிடும். கடற்கரைக்கே கொண்டுபோய் விட்டாலும், மைட்டும் நோயும் சேர்ந்து போய் அங்குள்ள நண்டுக்குத் தொற்றும்.

கடையில் விற்கும் துறவி நண்டு கிட்டத்தட்ட எல்லாமே கடற்கரையில் பிடித்துக் கொண்டுவந்தவைதான், வீட்டில் இனப்பெருக்கம் செய்வது அவ்வளவு அரிது. அது எனக்கு வருத்தமான விஷயம், புதிதாக வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் கையில் வந்துவிட்டதைக் காப்பாற்ற வேண்டியது நம் பொறுப்பு. முப்பது வருஷம்கூட வாழக்கூடிய பிராணி. நம் வீடுகளில் சில மாதத்தில் சாவதற்குக் காரணம் மைட் இல்லை, வறண்ட தொட்டியும் ஆழமில்லாத மணலும்.

---

பழையபேட்டை_பிரியா | வியாழன், இரவு 9:25

சொன்னபடி செய்தோம். மணலை வறுத்தது என் மாமியார். கடலை வறுக்கும் கை என்பதால் பக்குவமாக வறுத்துக் கொடுத்தார். பெரிய நண்டைக் குளிப்பாட்டியபோது தண்ணீர் மேல் வெள்ளைப் படலம் மிதந்தது, எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது தண்ணீரில் ஒன்றிரண்டுதான் வந்தன. துணியில் விட்டதும் உடனே கண் காம்பை நீட்டி நடக்க ஆரம்பித்துவிட்டது. முகம் துடைப்பது நின்றுவிட்டது.

இனிமேல் சாப்பாடு எப்படி வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள். கேழ்வரகை நிறுத்திவிட வேண்டுமா? கால்சியம் என்று நினைத்துத்தான் கொடுத்தோம்.

---

ஓசூர்_நத்தைக்கூடு | வியாழன், இரவு 10:00

கேழ்வரகை நிறுத்த வேண்டாம், களியாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நல்ல தீனிதான். வறுத்துக் கொரகொரப்பாக உடைத்த மாவை ஒரு சிட்டிகை உலர்வாகத் தூவுங்கள். களி ஒரே இரவில் பூஞ்சை பிடித்துவிடும்.

நண்டு இரவில் சாப்பிடுவது. விளக்கணைக்கும்போது கொஞ்சமாக வைத்து, காலையில் எழுந்ததும் தொட்டது தொடாதது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிண்ணத்தை மணலில் புதைக்காமல் ஒரு தட்டையான கல் மேல் வைத்தால் சிந்தியது தெரியும், வழித்தெடுக்கலாம். கருவாடு வாரத்துக்கு ஒருமுறை, அதையும் உப்பில்லாமல், மஞ்சள் தடவாமல் காயவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். தூளாக வேண்டாம், ஒரு துண்டாக வையுங்கள். தூள்தான் மணல் இடுக்கில் போய்த் தங்குகிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கொடுப்பார்கள். கணவாய் ஓடுதான் அது. தொட்டியில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கட்டும், கெடாது.

மாம்பழம் தோல் நீக்கிய ஒரு சின்னத் துண்டு போதும். உங்கள் தோப்புப் பழம் என்றாலும் தோலை எடுத்துவிடுங்கள், பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடித்திருப்பீர்கள்.

மீதியிருக்கும் மைட்டுக்கு ஒரு பொறி இருக்கிறது. உருளைக்கிழங்கை மெல்லிய வில்லையாக நறுக்கி இரவில் மணல் மேல் வைத்து, காலையில் அப்படியே எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடுங்கள். அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும்.

---

தளி_பசுமைக்குடில் | வெள்ளி, காலை 7:30

மாந்தோப்பு மருந்தைப் பற்றிச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நண்டு ரோஜா இதழ் தின்னும் என்று படித்துவிட்டு ஓசூர் பூச்சந்தையில் உதிரி ரோஜா வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சந்தைக்கு வரும் ரோஜாவுக்கு செஞ்சிலந்தி மருந்தும் இலைப்பேன் மருந்தும் எவ்வளவு அடிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். கழுவினாலும் போகாத, செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்தும் அதில் உண்டு. பூ கொடுக்க ஆசையென்றால் வீட்டுச் செம்பருத்தி கொடுங்கள். அதுவும் மருந்தே அடிக்காத செடியாக இருந்தால் மட்டும்.

மணலை முழுக்க மாற்றச் சொன்னேன், இங்கே வேறுவிதமாகச் செய்து சரியாகிவருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

---

அரூர்_அன்பு | வெள்ளி, காலை 9:12

அக்கா, உருளைக்கிழங்கு பொறியை வைத்துப் பார்த்தால் எழுதுங்கள். எங்கள் மண்புழு உரத் தொட்டியிலும் இதே வெள்ளைத் தொல்லைதான். நானும் செய்யப்போகிறேன்.

---

பழையபேட்டை_பிரியா | (மூன்று வாரம் கழித்து) சனி, இரவு 8:50

மூன்றாவது நண்டு வெளியே வந்துவிட்டது! காலெல்லாம் பளிச்சென்று, நுனி மட்டும் ஊதா நிறமாக இருக்கிறது. ஒரு கால்கூடக் குறையவில்லை. மகள் பள்ளிக்கே போக மாட்டேன் என்றாள்.

அது வெளியே வந்ததும் உள்ளே மணலை முழுக்க மாற்றி, வறுத்த மணல் போட்டுவிட்டோம். உருளைக்கிழங்கு வில்லையின் அடியில் முதல் இரவு நிறைய வந்தன, இப்போது கண்ணை இடுக்கித் தேடினால் ஒன்றிரண்டு. அன்பு, உங்கள் உரத்தொட்டிக்குக் கட்டாயம் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு கேள்வி. தோலுரித்த நண்டுக்கு இப்போது கூடு இறுக்கமாக இருக்கிறது. கடையில் கொடுத்த வேறு கூடுகள் எல்லாம் கார்ட்டூன் படம் வரைந்து பெயின்ட் அடித்தவை. போடலாமா?

---

ஓசூர்_நத்தைக்கூடு | சனி, இரவு 9:15

ரொம்ப நல்ல செய்தி. படத்தைப் பார்த்தேன், நன்றாகக் கெட்டியாகியிருக்கிறது.

பெயின்ட் அடித்த கூடு வேண்டாம். ஈரத்தில் பெயின்ட் உரியும், நண்டு அதைச் சுரண்டித் தின்னும். வாய் வட்டமாக இருக்கும் டர்போ சங்குதான் இந்த ஜாதிக்குப் பிடிக்கும். இப்போதுள்ள கூட்டின் வாயை அளந்து, அதே அளவில் ஒன்றும், கொஞ்சம் பெரிதாக இரண்டும் போட்டு வையுங்கள். அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

என்னிடம் ராமேஸ்வரத்திலிருந்து வந்த சங்கு மிச்சம் இருக்கிறது, கொதிக்க வைத்து வைத்திருக்கிறேன். அடுப்புக்கரியில் வளர்த்த ஸ்பிரிங்டெயிலும் ஒரு டப்பா தருகிறேன். புது மணலில் விட்டால் பூஞ்சையைத் தின்று தீர்த்துவிடும், மைட்டுக்கு மிச்சம் இருக்காது. வாய் அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஞாயிறு காலை கிருஷ்ணகிரி வழியாகத்தான் தருமபுரி போகிறேன், புதிய பேருந்து நிலையத்தில் கொடுத்துவிடுகிறேன்.

---

பழையபேட்டை_பிரியா | சனி, இரவு 9:31

ரொம்ப நன்றிங்கண்ணா. மகள் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டாள், 22 மில்லிமீட்டர். வரும்போது ஒரு பை மாம்பழம் எடுத்து வருகிறோம், மருந்தடிக்காத நாட்டு மரத்துப் பழம்.